பழைய ரம்பத்துக்குப் புதுக் கைப்பிடி: கையாலேயே செய்யும் முறை

பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தை ஒன்றில் ஐந்து டாலருக்கு ஒரு கைரம்பம் வாங்கினேன். 26 அங்குலத் தகடு. கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் வளைவு இல்லை. துரு இருந்தது, ஆனால் குழி விழவில்லை. கைப்பிடிதான் பாவம். மேல்நுனியில் கொம்புபோல் நீண்டிருக்க வேண்டிய மேல்கொம்பைக் காணோம், பிடி இரண்டு இடத்தில் பிளந்திருந்தது, யாரோ அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி இன்னும் பத்து வருடம் ஓட்டியிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்ததும் கைப்பிடி மூன்று துண்டாகக் கையில் வந்தது. அந்த மூன்று துண்டை மாதிரியாக வைத்து நான் புதிதாக ஒன்று செய்த முறைதான் இது. மரவேலையில் பெரிய அனுபவம் வேண்டாம். உளியும் அரமும் பிடித்துப் பழகியிருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடியும்.

செய்வதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையிலேயே புதுசு வேண்டுமா? கொம்பு மட்டும் உடைந்திருந்தால் அந்த இடத்தைத் தட்டையாக இழைத்து, அதே மரத்தில் ஒரு துண்டை ஒட்டி, வடிவத்துக்கு அராவினால் போதும். பிளவு சுத்தமாக இருந்தால் பசை விட்டுக் கட்டி வைத்தாலே நிற்கும். நூறு வருடம் பலர் கை பட்டு வழவழத்த மரத்தைச் சும்மா தூக்கி எறிய எனக்கு மனசு வராது. துண்டுகள் தொலைந்திருந்தாலோ, பூச்சி அரித்திருந்தாலோ, யாராவது பொருந்தாத கைப்பிடியை மாட்டி வைத்திருந்தாலோ புதிது செய்யலாம்.

எந்த ரம்பத்தில் தொடங்குவது

என்னுடையது டிஸ்டன். இங்கிலாந்தில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த ஹென்றி டிஸ்டன் 1840-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழில் அது. பிறகு அதே நகரின் டக்கோனி பகுதியில் பெரிய ஆலையாக வளர்ந்து, 1955-ல் வேறு கைக்குப் போனது. நல்ல ரம்பங்களுக்கு ஆப்பிள் மரத்திலும், விலை குறைந்தவற்றுக்கு பீச் மரத்திலும் கைப்பிடி போட்டார்கள். 1928-ல் தங்கள் வரிசையையே மாற்றி அமைத்தார்கள். அதற்கு முன் வந்தவற்றின் கைப்பிடிகளில் இருக்கும் மெலிவும் வளைவும் பின்னால் வந்தவற்றில் இல்லை. ஆகவே மாதிரி எடுக்க 1928-க்கு முந்தையதைத் தேடுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய ரம்பம் கிடைத்தால் அதுவும் அருமை.

ஒரு எச்சரிக்கை. முதுகு உள்ளே வளைந்திருக்கும் டிஸ்டனின் டி-8 என்ற மாதிரி சந்தையில் நிறையக் கிடைக்கும். அதைக் கொண்டு தொடங்காதீர்கள். அதில் தகடு செருகும் வெட்டை வட்ட ரம்பத்தால் உள்ளே போட்டிருப்பார்கள். கைப்பிடியின் மேல்பக்கம் மூடியே இருக்கும். கைரம்பத்தால் அந்த வெட்டைப் போட முடியாது. வெட்டு மேல்விளிம்பு வரை திறந்து கிடக்கும் மாதிரியே நமக்கு ஏற்றது. நம்பர் 7, நம்பர் 12 போன்றவை அப்படிப்பட்டவை.

கழற்றுவது

தகட்டைக் கைப்பிடியோடு பிடித்திருப்பவை பித்தளைத் திருகுகள். வெளியே குமிழ்போல் தலை தெரிந்தால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் போதும். மரத்தோடு மட்டமாக, நடுவில் மரையின் முனை தெரிய, இரண்டு பக்கமும் சின்ன வெட்டோடு இருந்தால் அது பிளவு நட்டு. அமெரிக்க ரம்பங்களில் 1870-கள் வரை அதுதான் வழக்கம். அதைக் கழற்ற, அகலமான பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனை நடுவில் அரத்தால் ஒரு பள்ளம் போட்டு, இரட்டைப் பல்லாக்கிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் நட்டின் காது உடையும். இந்த மரைகள் இன்றைய கடை நட்டுகளோடு சேராது, எனவே ஒன்று போனாலும் தேடி அலைய வேண்டும். இறுகி இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு திருகும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், நீளம் மாறும். பதக்கம்போல் எழுத்து பொறித்த பெரிய திருகைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்புதான் அதன் வயசு.

படம்

துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஸ்கேனர் மேல் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து ஸ்கேன் எடுங்கள். அந்த அளவுகோல் ஏன் என்றால், என் முதல் கைப்பிடி வீணானது அது இல்லாததால்தான். பிரிண்டர் தன் இஷ்டத்துக்குப் படத்தைத் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டது, நான் கவனிக்கவில்லை. முழுக்க அராவி, வழவழப்பாக்கி, பெருமையாகப் பிடித்துப் பார்த்தால் மூன்றாவது விரல் உள்ளே போகவில்லை. பிரிண்ட் எடுத்ததும் தாளில் தெரியும் அளவுகோலை நிஜ அளவுகோலோடு ஒட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

உடைந்த கொம்பை எப்படி வரைவது? அதே காலத்து, அதே மாதிரி ரம்பங்களின் படங்களைப் பார்த்து பென்சிலால் போட்டுப் பாருங்கள். கொம்பின் கோடு தனியாக நிற்காது, பிடியின் பின்பக்க வளைவு அப்படியே நீண்டு போய் முடியும் இடம்தான் கொம்பு. தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே தட்டுகிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

பிடியின் ஓட்டை சின்னதாக இருக்கிறதே என்று பலர் பெரிதாக்குகிறார்கள். ரம்பத்தை மூன்று விரலால் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் வெளியே, தகட்டோடு முன்னால் நீட்டியிருக்கும். நான்கு விரலையும் உள்ளே திணிப்பவருக்குத்தான் பழைய கைப்பிடி சிறிதாகத் தோன்றும். உங்கள் கை நிஜமாகவே பெரியதென்றால் இரண்டு மூன்று மி.மீ. கூட்டுங்கள். ஆனால் பற்களின் கோட்டுக்கும் பிடிக்கும் இடையிலான சாய்வில் கை வைக்காதீர்கள். தள்ளும் விசை பல்லில் எங்கே இறங்க வேண்டும் என்பது அந்தச் சாய்வில் இருக்கிறது.

அப்புறம், தகட்டின் பின்முனைமேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். விளிம்பும் துளைகளும் அச்சாகத் தாளில் விழும். துளைகளின் இடத்தை இதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பழைய கைப்பிடியிலிருந்து அல்ல. அந்த மரம் இத்தனை வருடத்தில் சுருங்கியிருக்கும்.

மரம்

ஆப்பிள் மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பொடி ரேகை, கனம், அராவும்போது வெண்ணெய். ஆனால் வெட்டிய மரம் காயும்போது தாறுமாறாக வெடிக்கும். கடையிலும் லேசில் கிடைக்காது. நான் எடுத்தது செர்ரி. பீச்சும் வால்நட்டும் நன்றாகவே வரும். தமிழ்நாட்டிலிருந்து செய்து பார்க்க நினைப்பவர்கள் பூவரசு, மஞ்சள் கடம்பு இரண்டையும் பாருங்கள். பொம்மை கடைய எடுக்கும் வெட்பாலையும் பொடி ரேகைதான், ஆனால் கொஞ்சம் மென்மை. தேக்கு எனக்குப் பிடிக்கவில்லை: மெலிந்த கொம்பில் ரேகை வழியே சில்லு பெயர்கிறது.

பலகையின் தடிமன் 22 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூட. பழையதை அளந்து அதையே வையுங்கள். பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் வளையக் கோடுகள் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படிப்பட்ட பலகை மழைக்கும் வெயிலுக்கும் குறைவாகவே கோணும்.

ரேகை ஓடும் திசை இதைவிட முக்கியம். கைப்பிடியில் மெலிந்த இடம், பிடி மேலே எழுந்து தகடு செருகும் கன்னத்தோடு சேரும் கழுத்து. ரேகை அந்தக் கழுத்துக்குள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் ரம்பம் மரத்தில் மாட்டும்போது பிடி மட்டும் உங்கள் கையில் இருக்கும். உடைந்த துண்டைப் பார்த்து ரேகைத் திசையைப் படத்தில் ஓர் அம்பாகப் போட்டுக்கொண்டு, பலகையிலும் அதே அம்பு வரும்படி தாளை ஒட்டுங்கள்.

பலகை சதுரமாக இருக்கும்போதே

புதிதாகச் செய்பவர்கள் வளைவை முதலில் அறுத்துவிடுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் வளைந்த துண்டை வைஸில், அதாவது மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவியில், நேராகப் பிடிக்க முடியாது, துளை கோணலாகும், வெட்டு ஓடிவிடும். நேர்கோணம் தேவைப்படும் வேலை எல்லாவற்றையும் பலகை பலகையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

முதலில் துளை. திருகின் தலை பதியும் பெரிய குழியும், உடல் போகும் சின்னத் துளையும் ஒரே மையத்தில் வர வேண்டும். 2 மி.மீ. பிட்டால் முதலில் ஊடுருவ ஒரு துளை போடுங்கள். அதுதான் இரு பக்கத்துக்கும் மையம். அதைப் பிடித்துக்கொண்டு, தட்டையான அடி விழும் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் இரு பக்கமும் குழி எடுங்கள். கடைசியில்தான் திருகின் உடலுக்கான துளை. இந்த வரிசை மாறி, பெரிய துளையை முதலில் போட்டுவிட்டால் குழி எடுக்கும் பிட்டின் மூக்கு நடுவில் ஊன்ற இடமிருக்காது. குழியின் ஆழத்தைத் திருகை வைத்து அளங்கள். குறைவாகவே விடுங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம். பழைய பிளவு நட்டின் தலைக்கு அடியில் சதுரக் கழுத்து இருந்தால் அதற்கு மட்டும் சின்ன உளியால் துளையைச் சதுரமாக்குங்கள். திருகு சுற்றாமல் பிடித்து வைப்பது அந்தச் சதுரம்தான்.

அடுத்து தகட்டுக்கான வெட்டு. விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜால் விளிம்பு நெடுக நடுக்கோடு போடுங்கள். எப்போதும் ஒரே முகத்திலிருந்தே இழுக்க வேண்டும். தகடு ஒரு மி.மீ.க்கும் குறைவு, அதே ரம்பத்தால் வெட்டினால் பற்கள் இரு பக்கமும் விரிந்திருப்பதால் வெட்டு அகலமாகி, தகடு உள்ளே ஆடும். ஆகவே முதுகில் பித்தளையோ இரும்போ வைத்த, பல் விரிவு குறைந்த மெல்லிய ரம்பம் எடுங்கள். முன்விளிம்பில் கொஞ்சம், மேல்விளிம்பில் கொஞ்சம் என்று மாறி மாறி, இரண்டு பக்கக் கோட்டையும் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். உள்ளே நடுவில் ஒரு திட்டு மிஞ்சும். கடைசியில் ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்தால் அதுவும் கரைந்துவிடும்.

இந்த இடத்தில் நான் அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அறுத்தேன். கோடு ஒரு மயிரிழை விலகினாலும் கைப்பிடி தகட்டோடு கோணி நிற்கும். அதை எந்த அரத்தாலும் சரிசெய்ய முடியாது. பயமாக இருந்தால் வேண்டாத பலகையில் இரண்டு முறை பழகுங்கள்.

தகடு விரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம். பழைய தகட்டுத் துண்டில் உப்புத்தாளை ஒட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். ஆடினால் மெல்லிய மரச்சீவலை ஒரு பக்கம் ஒட்டுங்கள். பிறகு தகட்டைச் செருகித் திருகுகளை மாட்டிப் பாருங்கள். சதுரப் பலகையோடு ஒரு ரம்பம்! சிரிப்பாக இருக்கும், ஆனால் இப்போது சரியாக உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளிக்கோடு

தகட்டைக் கழற்றுங்கள். உள்வளைவுகள் பெரும்பாலும் வட்டத்தின் துண்டுகளாகவே இருக்கும். எந்த அளவு பிட் எந்த வளைவில் உட்காருகிறது என்று படத்தின்மேல் வைத்துப் பார்த்து, அந்த இடங்களில் துளை போடுங்கள். அடியில் கழிவுப் பலகை வைக்க மறந்தால் மறுபக்கம் சில்லு தெறிக்கும். மீதிக் கோட்டை, வளைவு அறுக்கும் மெல்லிய கோப்பிங் ரம்பத்தால் இரண்டு மி.மீ. வெளியே விட்டு அறுங்கள். பிறகு அரைவட்ட அரத்தால் கோடு வரை வாருங்கள். விளிம்பு இரு முகத்துக்கும் நேர்கோணமாக இருக்கிறதா என்று சின்ன மூலைமட்டத்தால் அடிக்கடி பாருங்கள். இப்போதே உருட்ட ஆரம்பிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள்.

உருட்டுவது

இனிதான் கைப்பிடி கைப்பிடியாகிறது. இதற்கு மர அரம், அதாவது கோடு கோடாக இல்லாமல் தனித்தனிப் பல் நிற்கும் ராஸ்ப் வேண்டும். பிரான்ஸின் ஓரியு போன்ற கையால் பல் வெட்டிய ராஸ்ப் அற்புதமாகத் தின்னும், பர்ஸையும் சேர்த்து. ஜப்பானிய ஷிண்டோ ராஸ்ப் விலை குறைவு. முரட்டு வேலைக்கு அது போதும். நுணுக்கத்துக்கு எலிவால் அரமும் சின்ன அரைவட்ட அரமும்.

கண்ணை நம்பி உருட்டினால் ஒரு பக்கம் தக்காளி, மறுபக்கம் கத்தரிக்காய் ஆகும். கோடு போடுங்கள். பிடியின் விளிம்பில் நடுக்கோடு. இரு முகங்களிலும் விளிம்பிலிருந்து எட்டு ஒன்பது மி.மீ. உள்ளே ஒரு கோடு. முதலில் இந்த இரண்டு கோட்டுக்கும் இடையே மூலையைச் சாய்வாக வெட்டுங்கள், நடுக்கோட்டைத் தொடாமல். நான்கு மூலையும் ஒரே அகலமாக வந்ததும், ஒவ்வொரு சாய்வின் இரண்டு ஓரங்களையும் மறுபடி சாய்த்துவிடுங்கள். அதன் பிறகு அந்த முகடுகளைச் சேர்த்து இழைத்தால் தானே உருண்டுவிடும்.

பிடியின் குறுக்குவெட்டு வட்டம் அல்ல. பழைய துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள்: முன்னும் பின்னும் உருண்டு, பக்கங்களில் லேசான தட்டை. அந்தத் தட்டைதான் ரம்பம் கையில் சுழலாமல், தகடு நேராக நிற்கிறதா என்று உள்ளங்கைக்குச் சொல்கிறது. புதுக் கைப்பிடி செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றையும் உருட்டிச் சோப்புக்கட்டி ஆக்கிவிடுகிறார்கள். தகடு செருகும் கன்னம் தட்டையாகவே இருக்க வேண்டும். உருண்ட பிடி அந்தத் தட்டையைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கூரான வளைகோடு விழும். பழைய வேலையின் அழகு முழுக்க அந்தக் கோட்டில்தான். அதைப் பென்சிலால் வரைந்துகொண்டு, அரத்தைக் கோட்டில் நிறுத்தப் பழகுங்கள். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் கோடு மழுங்கும். சின்ன மரத்துண்டில் சுற்றித் தேயுங்கள்.

கொம்பு நுனியில் அரத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகாதீர்கள், இழை பிய்ந்து வரும். நுனியிலிருந்து உள்ளே வாருங்கள். வைஸில் கொம்பைப் பிடிக்கவும் கூடாது. என் இரண்டாவது கைப்பிடியின் கீழ்க்கொம்பு வைஸுக்குள் டக்கென்று முறிந்தது. ஒட்டிய தடம் இன்னும் தெரிகிறது. கன்னத்தை மட்டும் தோல் வைத்துப் பிடியுங்கள்.

பிடியின் அடியில் நாக்குபோல் நீண்டு முடியும் சின்ன வளைவு ஒன்று இருக்கும். ஆங்கிலேயத் தச்சர்கள் அதை ஆட்டுக்குட்டியின் நாக்கு என்பார்கள். அதன் எல்லையில் ரம்பத்தால் ஒரு மி.மீ. ஆழம் கீறி, அந்தக் கீறல் வரை சின்ன உளியால் சரித்து, அரத்தால் முடியுங்கள். கன்னத்தில் கோதுமைக் கதிர் செதுக்கிய கைப்பிடிகளும் உண்டு. முதல் கைப்பிடியில் அந்த ஆசை வேண்டாம். எனக்கு நான்காவதில்தான் கதிர் கதிராக வந்தது, அதற்கு முன் எல்லாம் மீன்முள்.

பூச்சு

120-ல் தொடங்கி 220 எண் உப்புத்தாள் வரை போதும். பிளவு நட்டு என்றால், திருகுகளை மாட்டி இறுக்கிய பிறகு நட்டையும் மரத்தையும் சேர்த்தே அராவி மட்டமாக்குங்கள். அப்போதுதான் விரலுக்குத் தட்டாது.

பிடியில் தடிமனான வார்னிஷ் வேண்டாம். வியர்வையில் உரிந்து, உரிந்த ஓரம் உள்ளங்கையில் கொப்புளம் போடும். கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்ற பெயரில் விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி விட்டுத் தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு அரக்கு பாலிஷ் ஓரிரு பூச்சு, அதன்மேல் மெழுகு என்று நான் முடிப்பேன். பழசு மாதிரி தெரிய வேண்டும் என்று சிலர் கறுப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். செர்ரி வெயில் பட்டால் தானே கறுத்துவிடும், ஒரு கோடைக்காலம் விட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தகட்டைச் செருகி, திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு ஒரு பக்கம் இழுபடும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் பிடியின் நடுக்கோடும் பல்வரிசையும் ஒரே நேரில் தெரிய வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் சுருங்கித் திருகு தளரும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைச்சுற்று இறுக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இறுக்கினால் கன்னம் பிளக்கும்.